டிக்கெட்டில் 2 மணி 40 நிமிடம்: பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

மடத்து வீட்டம்மா | 2024 டிசம்பர் 10, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம். அவள் இருப்பது அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில். துணைக்கு நான்தான் போக வேண்டும், அதுவும் தனியாக. இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "ஏறி உட்கார்ந்தால் இறங்க வேண்டியதுதான் அம்மா, நேர் விமானம்" என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார். அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

பெங்களூரு புறப்பாடு: ஜனவரி 20, திங்கள், பிற்பகல் 2:20.
சான் பிரான்சிஸ்கோ வருகை: ஜனவரி 20, திங்கள், மாலை 5:00.

கழித்துப் பார்த்தேன், 2 மணி 40 நிமிடம். இங்கிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் போகவே மூன்றரை மணி நேரம் ஆகிறது. திரும்பும் தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஏப்ரல் 12 சனி இரவு 8:30 மணிக்குக் கிளம்பி, 14 திங்கள் அதிகாலை 2:30 மணிக்கு வருகிறதாம். அது 30 மணி நேரம். போவதற்கு இரண்டே முக்கால், வருவதற்கு முப்பதா? நடுவில் இருக்கும் 13ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு. அன்று நான் எந்த ஊரில் இருப்பேன்?

தூரம் எவ்வளவு, உட்கார்ந்திருக்கும் நேரம் எவ்வளவு என்று யாராவது விளங்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும். காலையும் இரவும் சர்க்கரை மாத்திரை போடுகிறவள் நான்.

தொண்டிக்காரன் | டிசம்பர் 10, இரவு 9:40

அக்கா, 2 மணி 40 நிமிடத்தில் மதுரையிலிருந்து துபாய்க்கே வர முடியாது. துபாய் நேர்கோட்டில் 2,950 கிலோமீட்டர்தான், அதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் போவது ஏறத்தாழ 14,000 கி.மீ. பதினாறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு ஒரு தலையணை எடுத்துக்கொள்ளுங்கள். கருவாடு கொண்டு போவதாக இருந்தால் நான்கு உறை போட்டுக் கட்டுங்கள். நான் ஒரு முறை நெத்திலி கொண்டு வந்து, பெட்டியில் இருந்த சட்டையெல்லாம்

மட்டுறுத்துநர் | டிசம்பர் 10, இரவு 9:51

கருவாட்டுக்குத் தனி இழை இருக்கிறது. மீதியை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே தூரமும் நேரமும் மட்டும்.

கீழக்கரை மாலுமி | டிசம்பர் 10, இரவு 11:05

தங்கச்சிக்கு, இருபத்தெட்டு வருடம் சரக்குக் கப்பலில் ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன். தாளில் பிழை இல்லை. பிழை கழித்தலில் இருக்கிறது. புறப்படும் நேரத்தைப் பெங்களூருக் கடிகாரத்திலும் இறங்கும் நேரத்தைச் சான் பிரான்சிஸ்கோக் கடிகாரத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கணக்கு எப்படி நிற்கும்?

ஜனவரியில் அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட 13½ மணி நேரம் பின்னால் ஓடும். நீங்கள் ஏறும் திங்கள் பிற்பகல் 2:20க்கு அங்கே திங்கள் அதிகாலை 0:50. அங்கிருந்து மாலை 5:00 வரை எண்ணுங்கள். 16 மணி 10 நிமிடம். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான்.

திரும்பும்போது வேறு கணக்கு. மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள். அதனால் ஏப்ரலில் வித்தியாசம் 12½ மணி. சனி இரவு 8:30 என்பது நமக்கு ஞாயிறு காலை 9:00. அதிலிருந்து திங்கள் அதிகாலை 2:30 வரை 17½ மணி நேரம். ஆக உங்களுடைய இரண்டே முக்காலும் முப்பதும் உண்மையில் 16 மணி 10 நிமிடமும் 17½ மணியும்தான். நடுவில் இருக்கும் ஒன்றேகால் மணிச் சொச்சம் காற்றின் வேலை. அதைப் பிறகு சொல்கிறேன், இப்போது கண் சொக்குகிறது.

சாயல்குடி | டிசம்பர் 11, காலை 7:20

நேர விஷயத்தில் மாலுமி அண்ணன் சொன்னது சரி. 14,000 என்ற தூரத்தைத்தான் நம்ப முடியவில்லை. என் பையனின் சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பெங்களூரிலிருந்து கிழக்கே, ஜப்பானுக்குத் தெற்கே, பசிபிக்கைத் தாண்டிக் கோடு போட்டேன். 16,000 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. வலைத்தளங்களில் யாரோ போட்ட எண்ணைப் பார்த்து எழுதுவதை விடக் கையால் அளப்பது மேல் இல்லையா?

தொண்டிக்காரன் | டிசம்பர் 11, காலை 8:02

சாயல்குடி அண்ணே, சிங்கப்பூர் – நியூயார்க்தான் இப்போது உலகத்தில் மிக நீண்ட பயணிகள் விமானத் தடம். அதுவே 15,300 கி.மீ. அளவுதான், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறார்கள். உங்கள் ஸ்கேல் அதையும் மிஞ்சிவிட்டது.

உச்சிப்புளி வாத்தியார் | டிசம்பர் 11, காலை 10:30

சாயல்குடித் தம்பி அளந்ததைக் கேலி செய்ய வேண்டாம். சுவர் வரைபடத்தின் மேல் அவர் போட்ட கோடு ஒரு நிஜமான பாதை. திசைகாட்டி முள் ஒரே கோணத்தைக் காட்டிக்கொண்டே போனால் அந்தப் பாதையில்தான் போவோம். கணக்குப் போட்டேன், ஏறத்தாழ 16,100 கி.மீ. வருகிறது. ஆனால் அது குறுக்குவழி இல்லை.

அந்த வரைபடம் 1569இல் மெர்கேட்டர் என்பவர் கடலோடிகளுக்காகப் போட்டது. கோணம் மாறக் கூடாது என்பதற்காகத் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கினார். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் இதைச் சொன்னேன். மாணவர்கள் தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோவார்கள்.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் வட்டத்தின் ஒரு துண்டு. பெருவட்டம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அதன்படி பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ 13,990 கி.மீ. சொச்சம். கோடு கிழக்கே போகாது. புறப்படும்போதே வடக்கிலிருந்து இருபது டிகிரிதான் கிழக்கே சாயும். திபெத், சீனா, சைபீரியா என்று ஏறி, 71 டிகிரி வடக்கு வரை போய், அலாஸ்கா வழியாக இறங்கும். ஆர்க்டிக் வட்டம் 66½ டிகிரி. அதையும் தாண்டுகிறது.

பாம்பன் வடகடல் | டிசம்பர் 11, மாலை 4:15

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறேன். ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைத்தால் நேர் கோட்டில்தான் போவோம், நேர் கோடுதான் கிட்டம். கிழக்கே இருக்கும் ஊருக்கு வடக்கே போவது குறுக்குவழி என்றால், ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குத் தொண்டி வழியாகப் போ என்பது போல இருக்கிறது. சாயல்குடிக்காரர் சொல்வதில்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

கீழக்கரை மாலுமி | டிசம்பர் 11, மாலை 6:48

காக்கா (அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்), நீங்கள் போவது பத்து, இருபது கடல் மைல். அந்த அளவுக்குள் உலகம் தட்டைதான், இரண்டு கோட்டுக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் வராது. ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் வளைவு கணக்கில் ஏறும். கடல் மைல் என்ற அளவே வளைவிலிருந்து வந்ததுதானே. அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. தங்கச்சி போகும் தூரம் அந்தக் கணக்கில் சுமார் 7,550 கடல் மைல்.

உங்களிடம் வலையில் கட்டும் உருண்டை மிதவை இருக்கும் அல்லவா? அதில் இரண்டு புள்ளி வைத்து, நடுவே ஒரு தூண்டில் நரம்பை இழுத்துப் பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஏர்வாடி நர்ஸ் | டிசம்பர் 11, இரவு 8:30

தூரச் சண்டை நடக்கட்டும். அக்கா, உங்கள் மாத்திரை விஷயத்தை யாரும் தொடவில்லை. பதிமூன்று மணி நேரம் கடிகாரம் புரளும்போது காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று குழம்பும். இரண்டு தாளையும் உங்கள் டாக்டரிடம் காட்டி, எந்த நேரத்துக்கு எதைப் போடுவது என்று எழுதி வாங்குங்கள். மாத்திரையும் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். விமானத்தில் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள். கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

பாம்பன் வடகடல் | டிசம்பர் 12, இரவு 7:55

செய்து பார்த்துவிட்டேன். எழுதுவது நான், அளந்தது கல்லூரியில் படிக்கும் பேரன்.

மிதவையின் வயிற்றைச் சுற்றி ஒட்டுப் போட்ட வரி ஓடும். அதைப் பூமத்திய ரேகை என்று வைத்தோம். கயிறு கோக்கும் துளை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவை துருவங்கள். சுற்றளவு 48 சென்டிமீட்டர். வாத்தியார் கொடுத்த டிகிரிக் கணக்கில் பேரன் மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்தான். பெங்களூரு வரியை ஒட்டி, அமெரிக்கப் புள்ளி கிட்டத்தட்ட மறுபக்கம், கொஞ்சம் உயரத்தில்.

தூண்டில் நரம்பை ஒரு புள்ளியில் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, சாயல்குடிக்காரர் சொன்னபடி வரியை ஒட்டியே சுற்றிக் கொண்டுபோய் மற்றப் புள்ளியில் பிடித்தேன். பிடித்துவிட்டு இறுக்கினேன். நரம்பு அங்கே நிற்கவில்லை. பிளாஸ்டிக்கின் மேல் தானாக வழுக்கி, மேலே ஏறி, துளைக்குப் பக்கமாகப் போய் நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஏறியது. இறுக்க இறுக்கக் கையில் நரம்பு மிச்சமாகிக்கொண்டே வந்தது. அளந்தோம், ஓர் அங்குலம் மிச்சம்.

வாத்தியார் ஐயா, தொண்டி வழியாகத்தான் தனுஷ்கோடி. ஒப்புக்கொள்கிறேன்.

உச்சிப்புளி வாத்தியார் | டிசம்பர் 12, இரவு 8:40

ஐயா, அந்த ஓர் அங்குலத்தைக் கணக்குப் போடுங்கள். உலகத்தின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. உங்கள் மிதவையில் அது 48 செ.மீ. அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 833 கி.மீ. அங்குலம் என்பது 2½ சென்டிமீட்டர் சொச்சம். 2,100 கி.மீ. வருகிறது. 16,100இல் 2,100ஐக் கழித்தால் 14,000. இவ்வளவு சுத்தமாக என் வகுப்பில் ஒரு நாளும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருந்தது, ஆனால் பீரோவுக்குள் பூட்டி இருந்தது.

சாயல்குடி | டிசம்பர் 13, காலை 6:50

பெருவட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காகிதத்தில் குறுகிய வழி இருக்கிறது என்பதற்காக விமானி அதில்தான் போவார் என்று என்ன நிச்சயம்? இமயமலை, அடுத்தவன் நாடு, பனி. இத்தனைக்கும் மேலே யாராவது பறக்கிறார்களா?

தொண்டிக்காரன் | டிசம்பர் 13, காலை 9:15

பறக்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேர் விமானம் வந்தது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் எல்லோரும் பெண்கள். வட துருவத்தின் வழியாகவே வந்தார்கள். 9ஆம் தேதி இரவு கிளம்பி 11ஆம் தேதி அதிகாலை இறங்கினார்கள், அக்காவின் தாளில் இருப்பது போலவே.

இன்னொன்றும் உண்டு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று, இயந்திரக் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகடான் என்ற ஊரில் இறங்கியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள். ஊரில் அத்தனை பேருக்கும் இடமில்லாமல் பள்ளிக்கூடத்தில்கூடப் படுக்க வைத்தார்கள். மாற்று விமானம் வந்த பிறகுதான் மேலே போனார்கள். சைபீரியா வழியாகப் போகாதவன் மகடானில் எப்படி இறங்குவான்?

உச்சிப்புளி வாத்தியார் | டிசம்பர் 13, காலை 11:00

முதல் விமானம் போகிறவரிடம் சொல்ல வேண்டிய கதையா இது?

கீழக்கரை மாலுமி | டிசம்பர் 13, பிற்பகல் 3:20

தங்கச்சி பயப்பட வேண்டாம். வழியில் எந்த இடத்தில் இருந்தாலும் ஒரே இயந்திரத்தோடு குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பது விதி. மகடானில் இறங்கியது அந்த விதி வேலை செய்ததன் அடையாளம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயல்குடித் தம்பியின் சந்தேகத்தில் பாதி நியாயம். ஒவ்வொரு நாளும் ஒரே பாதை கிடையாது. 2022 மார்ச்சிலிருந்து ரஷ்ய வான்வெளி அமெரிக்க விமானங்களுக்கு மூடியிருக்கிறது, இந்திய விமானங்களுக்குத் திறந்திருக்கிறது. இமயமலையை நேராகத் தாண்டாமல் சுற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் காற்று. அதைப் பாம்பன் காக்கா என்னை விட நன்றாகச் சொல்வார்.

பாம்பன் வடகடல் | டிசம்பர் 13, இரவு 8:10

வாடைக் காற்று பிடித்துவிட்டால் வடகடலில் போவது ஒரு பாடு, வருவது ஒரு பாடு. காற்றை எதிர்த்து வலை விடும் இடத்துக்குப் போக நான்கு மணி நேரம் என்றால், அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வர இரண்டரை. தூரம் ஜிபிஎஸ்ஸில் ஒன்றுதான். டீசல் கணக்கு எழுதும் பிள்ளைகள் தூரத்தைக் கேட்பார்கள், நான் காற்றைக் கேட்பேன். ஆனால் அவ்வளவு உயரத்திலும் வாடை, கச்சான் என்று உண்டா?

உச்சிப்புளி வாத்தியார் | டிசம்பர் 13, இரவு 9:30

உண்டு, அங்கே பெரும்பாலும் கச்சான், அதாவது மேற்குக் காற்று மட்டும்தான். தரையிலிருந்து ஒன்பது, பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. வேகத்தையும் தாண்டும். 1920களில் ஜப்பானில் வசாபுரோ ஓஇஷி என்ற வானிலையாளர் பலூன் விட்டு விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை போட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் அதிகம் இல்லாததால் யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே உயரப் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் கவனித்தார்கள்.

போவதில் கிடைக்கும் லாபம் வருவதில் போய்விடும், ஆகக் கணக்கு சரி என்று என் மாணவர்கள் சொல்வார்கள். இல்லை. விமானத்தின் வேகம் 900, காற்று 100, தூரம் 14,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 1,000 வேகத்தில் 14 மணி. வரும்போது 800 வேகத்தில் 17½ மணி. மொத்தம் 31½. காற்றே இல்லாவிட்டால் 31 மணியும் ஆறு நிமிடமும். எதிர்க்காற்றில் அதிக நேரம் நிற்கிறோம், அதனால் நட்டம் எப்போதும் லாபத்தை விடப் பெரியது.

பாம்பன் வடகடல் | டிசம்பர் 13, இரவு 9:52

டீசல் செலவு ஏன் கையைக் கடிக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

தொண்டிக்காரன் | டிசம்பர் 14, காலை 10:05

ஒரு விஷயம் யோசித்தீர்களா? அக்கா 14,000 கிலோமீட்டரை 16 மணி நேரத்தில் தாண்டுகிறார். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கி.மீ. அளவுதான், கூப்பிடு தூரம். 1914இலிருந்து 1964 டிசம்பர்ப் புயல் வரை ரயிலில் வந்து இறங்கிக் கப்பல் ஏறிப் போனார்கள். இன்று அதே தலைமன்னாருக்குப் போக மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 300 கி.மீ. சாலையில் ஓட வேண்டும். ஒரு முழு நாள். மணிக்கு இரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது. என் பாட்டியாரின் தங்கை அந்தக் கரையில் இருந்தார், அதனால் கேட்டேன்.

மட்டுறுத்துநர் | டிசம்பர் 14, காலை 10:40

இது தலைப்பை விட்டு விலகியதுதான். நீக்கவில்லை.

மடத்து வீட்டம்மா | டிசம்பர் 14, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. பாம்பன் அண்ணன் சொன்னபடி நானும் ஒரு தேங்காயில் நூல் வைத்துப் பார்த்தேன், நார் தடுத்துவிட்டது. தொண்டித் தம்பி, மகடான் கதையை நான் மகளிடம் சொல்லியிருக்க வேண்டாம், அவள் இரவில் போன் செய்து அழுகிறாள்.

இரண்டு கேள்வி மிச்சம். வீட்டு வாசலிலிருந்து அவள் வாசல் வரை மொத்தம் எத்தனை மணி? அந்தக் குருத்தோலை ஞாயிறு என்ன ஆகிறது?

கீழக்கரை மாலுமி | டிசம்பர் 15, காலை 7:30

முதல் கேள்வி. இப்போது, 2024 டிசம்பரில், பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாததால் காரை நம்ப வேண்டியதுதான். 20ஆம் தேதி காலை விமானத்தில் பெங்களூரு போய், அப்படியே மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜனவரிக் காலையில் அங்கே மூடுபனி விழும், விமானங்கள் தாமதமாகும். முதல் நாளே போய்த் தங்குங்கள். ஞாயிறு நண்பகலில் வாசலைத் தாண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை 5 மணிக்கு அங்கே இறங்கும்போது நமக்குச் செவ்வாய் காலை 6:30. குடியேற்றச் சோதனை, பெட்டி, கார் என்று மகள் வீட்டில் காலை வைக்க அங்கே இரவு 8, நமக்குக் காலை 9:30. ஆக 45½ மணி நேரம். அதில் நீண்ட விமானம் 16 மணிதான். டிக்கெட் போட்டவர் சொன்ன "ஏறி உட்கார்ந்தால் இறங்க வேண்டியதுதான்" என்பது அந்த 16க்கு மட்டும்.

இரண்டாவது, ஞாயிறு. போகும்போது கிழக்கே போவதால் சூரியன் உங்களை எதிர்கொண்டு ஓடி வரும். திங்கள் மாலை இருட்டும், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம் செவ்வாய்க்கிழமை இருக்கும், பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் மறுபடி திங்கள். ஒரே திங்களில் இரண்டு முறை உச்சிவெயில். திரும்பும்போது நேர் எதிர். சூரியனை விட்டு ஓடுகிறீர்கள். சனி இரவு ஏறினால் வெளியே பொழுது விடியவே விடியாது, வடக்கே மட்டும் அடிவானம் கொஞ்சம் வெளுத்திருக்கும். அந்த ஒரே இரவில் 17½ மணி நேரம் போய்த் திங்கள் அதிகாலையில் இறங்குவீர்கள். ஞாயிற்றின் பகல் உங்கள் கணக்கில் கிடையாது.

எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பசிபிக் வழியாக மேற்கே வரும்போது, வியாழன் இரவு கேப்டன் அறிவிப்புப் பலகையில் சாக்கட்டியால் "நாளை சனி" என்று எழுதினார். வெள்ளிக்கிழமையே இல்லை. ஜும்ஆ தொழுகை எங்கே போயிற்று என்று நானும் காயல்பட்டினத்துப் பையன் ஒருவனும் இரவெல்லாம் மேல்தளத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

ஏர்வாடி நர்ஸ் | டிசம்பர் 15, காலை 9:10

அக்கா, என்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர் சொன்னார்கள், சனி மாலைத் திருப்பலியே ஞாயிற்றுக்கும் செல்லும், குருத்தோலையும் மந்திரிப்பார்களாம். ஆனால் மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டுமே. தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மடத்து வீட்டம்மா | 2025 ஜனவரி 22, காலை 11:40

மகள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே செவ்வாய் இரவு. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முழங்கால் கொஞ்சம் வீங்கியது, நடந்ததும் வடிந்துவிட்டது.

முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை, அதில் உலகப் படமும் ஒரு குட்டி விமானமும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வடக்கே போகும், சைபீரியா வரும் என்று காத்திருந்தால், அது சீனாவைக் கடந்து ஜப்பானுக்குப் போயிற்று! அங்கிருந்து நேரே கடல்தான். ஒரு நேரத்தில் வேகம் 1,100 என்று காட்டியது. இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டோம். இரண்டாம் முறை பொழுது விடிந்தபோது பக்கத்தில் இருந்த பையனிடம் "இன்று என்ன கிழமை?" என்றேன். "திங்கள்தான் பாட்டி" என்று சிரித்தான்.

சாயல்குடி | ஜனவரி 22, பிற்பகல் 12:05

ஜப்பான்! நான் என்ன சொன்னேன்?

கீழக்கரை மாலுமி | ஜனவரி 22, பிற்பகல் 1:30

கோடு நீங்கள் சொன்னதற்குப் பக்கம்தான், தம்பி. காரணம்தான் வேறு. குளிர்காலத்தில் அந்தக் காற்றாறு ஜப்பானுக்கு மேலே பலமாக ஓடும். தூரம் கூடினாலும் அதில் ஏறிக்கொண்டால் நேரம் குறைகிறது. திரும்பும்போது அதே காற்றுக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கி வடக்கே போவார்கள். மிதவையில் இருந்த நரம்பை அப்போது பார்ப்பீர்கள், தங்கச்சி.

மடத்து வீட்டம்மா | ஜனவரி 23, காலை 8:15

பார்க்கிறேன் அண்ணா. திரும்பும் தேதியை மருமகன் ஏப்ரல் 10 வியாழனுக்கு மாற்றிவிட்டார், சனி அதிகாலை பெங்களூரு. ஞாயிறு காலை தங்கச்சிமடத்துக் கோயிலில் இருப்பேன். தொலைந்து போவது ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்கால வெள்ளி. சிலுவைப் பாதையை விமானத்தில் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். கீழக்கரை அண்ணன் மன்னிக்க வேண்டும்.

பாம்பன் வடகடல் | ஜனவரி 23, மாலை 5:20

நல்லது தாயி. குருத்தோலை நம் தோப்பில் வெட்டி வைக்கிறேன். மிதவையைப் பேரன் கல்லூரிக்கு எடுத்துப் போனவன் இன்னும் தரவில்லை. வலையில் ஒன்று குறைகிறது.